வழக்கொழியும் மட்டைகள்

பழமை நீங்குவதும் புதுமை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு. அவற்றைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மொழிக்கு வகுத்த முடிபு. ஒரு சொல்லை மக்கள் வழங்காது விடுவர். தலைமுறை இரண்டு கடந்தபின் அது வழக்கொழிந்த சொல் எனப்படும். எந்த அலுவலகமும் ஆணையிட்டு அச்சொல்லை நீக்குவதில்லை. வழங்குவோர் கைவிட்டனர், ஆதலின் சொல் வீழ்ந்தது.

கடைவீதியின் இலக்கணமோ வேறாக உள்ளது. அங்கே ஒரு பொருளை மக்கள் கைவிடுவதற்கு முன்னரே, அதனை நாடி வருவோர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அப்பொருள் மறைந்துவிடுகின்றது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இறகுப்பந்து மட்டை. 'பேட்' என்று நம் மாணவர் வழங்கும் இம்மட்டைகளுள் பலராலும் பாராட்டப்பெற்ற வகைகள் சில ஆண்டுகளில் விற்பனையிலிருந்து விலக்கப்படுகின்றன. "நன்றாக விற்ற பொருளை ஏன் நிறுத்த வேண்டும்?" என்னும் வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர்க்குப் பொருளாதாரப் பாடமாகவும், ஆடுவோர்க்குப் பயன்தரும் குறிப்பாகவும் இஃது அமையலாம்.

மரம் முதல் கரியிழை வரை

இறகுப்பந்தாட்டத்தின் தொடக்கக்கால விதிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புனே நகரில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை அலுவலரிடையே உருப்பெற்றன. இங்கிலாந்தில் பியூபோர்ட் கோமகனின் 'பேட்மின்டன்' மாளிகையின் பெயர் ஆட்டத்திற்கு வாய்த்தது. 1893இல் இங்கிலாந்தில் இதற்கெனச் சங்கம் தோன்றியது. 1899இல் அனைத்து இங்கிலாந்துப் போட்டி தொடங்கியது.

அன்று தொட்டுப் பல பத்தாண்டுகள் மட்டை என்றால் மரமட்டைதான். மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வளைத்து, வளையமாக்கி, நரம்பு பூட்டினர். பிரிவினைக்கு முன்னர் விளையாட்டுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் சியால்கோட். 1947க்குப்பின் அங்கிருந்து வந்த கைவினைஞர் பலர் ஜலந்தரில் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தனர். மீரட்டும் இத்தொழிலில் வளர்ந்தது. தமிழகத்துப் பள்ளி, கல்லூரிகளுக்கு மட்டைகள் பெரிதும் வடக்கிலிருந்தே வந்தன.

மரமட்டை இன்றைய மட்டையினும் கனமானது; 100 கிராமுக்கு மேற்பட்டே நிற்கும். ஈரக்காற்றில் மரம் முறுக்கிக்கொள்ளும். ஆதலின் ஆட்டம் முடிந்ததும் நான்கு திருகுகள் கொண்ட மரச்சட்டத்தினுள் அதனை இறுக்கி வைத்தனர். மூத்தோர் இல்லங்களின் பரண்களில் அச்சட்டங்களை இன்றும் காணலாம். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டமின்றிக் கிடந்த மட்டை அடுத்த தையில் ஆட்டத்திற்கு உதவாது.

பின்னர் எஃகுத் தண்டும் எஃகு வளையமும் வந்தன. 1960களின் இறுதியில் அலுமினியம் பரவத் தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில் கரியிழை, அஃதாவது கார்பன் இழை, மட்டைக்குள் புகுந்தது. ஜப்பானின் யோனெக்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட கார்பனெக்ஸ் 8 இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பிரகாஷ் படுகோன் அனைத்து இங்கிலாந்துப் பட்டம் வென்ற 1980, மரமும் உலோகமும் விடைபெற்றுக் கரியிழை இடம்பிடித்துக்கொண்டிருந்த இடைக்காலம் எனலாம். இன்று நல்ல மட்டை ஒன்றின் எடை 80 முதல் 89 கிராம் வரை. இதனினும் மெலிந்தனவும் உண்டு.

இம்மாற்றம் நன்னூலார் கூறிய வகையைச் சார்ந்தது. எடை குறைந்தது, மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை, நரம்பை மிகுதியாக இறுக்க முடிந்தது. ஆடுவோர் தாமே மரத்தைக் கைவிட்டனர். அதற்காக எவரும் வழக்குரைக்கவில்லை.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை நினைதல் தகும். யோனெக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த மினோரு யோனெயாமா, 1946இல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் தொழில் தொடங்கியபோது செய்தது மட்டையன்று, மீன்வலைகளுக்குரிய மரமிதவை. பிளாஸ்டிக் மிதவை வந்ததும் மரமிதவையை வாங்குவாரில்லை. மரவேலை அறிந்த கைகளும் கருவிகளும் இருந்தமையால் 1957இல் பிறநிறுவனத்திற்காக மட்டை செய்யத் தொடங்கினார். 1961இல் தம் பெயரிலேயே மட்டையை வெளியிட்டார். ஒரு பொருள் வழக்கொழிந்த துன்பத்திலிருந்து பிறந்த நிறுவனம் அது. காலம் மாறும்போது பழையதைப் பற்றி நிற்பவன் வீழ்வான் என்பதை அந்நிறுவனம் தன் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. இன்றைய மட்டை நிறுவனங்கள் ஏன் இவ்வளவு விரைந்து புதுமையை நாடுகின்றன என்பதை உணர இச்செய்தி துணைசெய்யும்.

பெரியமேட்டில் எழுந்த வினா

ஆயினும் இன்று நாம் காணும் நிறுத்தம் மரம் போய்க் கரியிழை வந்தது போன்றதன்று. கரியிழை மட்டை ஒன்று போய் மற்றொரு கரியிழை மட்டை வருகின்றது. அளவிலும் எடையிலும் பெருவேறுபாடு இல்லை. பெயரும் வண்ணமும் விலையும் மாறுகின்றன.

எம் மாணவருள் ஒருவர், பாடியில் குடியிருப்பவர், இரட்டையர் ஆட்டத்தில் தேர்ந்தவர். அவருடைய மட்டை இணையாளியின் மட்டையோடு மோதி விரிசல் கண்டது. அதே வகை மட்டையைத் தேடி, விளையாட்டுப் பொருட் கடைகள் நிறைந்த பெரியமேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். "பாய், இதே பேட் ஒன்று இருக்குமா?" என்று கேட்ட இடத்தில், "இனிமேல் வராது தம்பி. கம்பெனியே நிறுத்திவிட்டது. புதுசு வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்பதே விடை. அவர் பாடிக்கு மீண்டு தம் தந்தையாரிடம் முறையிட்டார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அச்சுக்கருவிப் பிரிவில் பணியாற்றிய அந்தப் பெரியவர் சினங்கொள்ளவில்லை. "அச்சு தேய்ந்திருக்கும், மறுபடி அடிக்கிற செலவுக்குப் புதுசே செய்துவிடலாம் என்று நினைத்திருப்பார்கள்" என்றார். மாணவர் கேட்டது ஆட்டக்காரரின் வினா. தந்தையார் கூறியது தொழிலாளியின் விடை. இரண்டிலும் உண்மை உண்டு. அவ்விடையிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.

அச்சும் இழையும்

கரியிழை மட்டை வார்க்கப்படும் முறையை அறிந்தால் முதற்காரணம் விளங்கும். பிசின் தோய்ந்த கரியிழைத் தாள்களைக் குறித்த கோணங்களில் வெட்டிச் சுருட்டுவர். அச்சுருளை மட்டை வடிவிலான உலோக அச்சினுள் வைத்து மூடி, உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்து, வெளியிலிருந்து வெப்பமூட்டுவர். பிசின் இறுகியபின் எடுத்து, நரம்புத் துளையிட்டு, தேய்த்து, வண்ணம் பூசுவர். ஒரு மட்டை அச்சினுள் இருந்து இறுகும்வரை அவ்வச்சு வேறொன்றிற்கும் பயன்படாது. ஆதலின் ஒரே வகைக்குப் பல அச்சுகள் வேண்டும். வெப்பமும் அழுத்தமும் மாறி மாறித் தாக்கும் அச்சு நாளடைவில் தேயும், விளிம்பு மழுங்கும். அப்போது நிறுவனத்தின்முன் இரு வழிகள் நிற்கும்: பழைய வகைக்கே புதிய அச்சு செய்வது, அல்லது புதிய வகைக்குப் புதிய அச்சு செய்வது. செலவு ஏறத்தாழ ஒன்றே; புதிய வகைக்கு விலை கூடுதலாக வைக்கலாம். எவ்வழி தேர்ந்தெடுக்கப்படும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இழையின் நிலையும் இத்தகையதே. மட்டை நிறுவனங்கள் இழையைப் பெரும்பாலும் பிற நிறுவனங்களிடமிருந்து வாங்குகின்றன. வானூர்தி, மகிழுந்து, காற்றாலை முதலிய பெருந்தொழில்களே கரியிழைக்குப் பெருங்கொள்வோர். மட்டைத் தொழில் சிறுகொள்வோர். இழை செய்வோர் ஒரு தரத்தை விடுத்து மற்றொரு தரத்திற்கு மாறினால் மட்டை செய்வோரும் மாற நேரும். வடிவம் ஒன்றாயினும் இழை மாறினால் மட்டையின் வளைவும் அதிர்வும் மாறும். பழகிய கை அம்மாற்றத்தை உடனே உணரும்.

கடைத்தட்டின் கணக்கு

இரண்டாவது காரணம் கடையில் உள்ளது. ஒரு மட்டை என்று நாம் சொல்வது கடைக்காரருக்கு ஒரு பொருளன்று. 3யூ என்பது 85 முதல் 89 கிராம். 4யூ என்பது 80 முதல் 84 கிராம். இவ்விரு எடைகளிலும் இரண்டு கைப்பிடிச் சுற்றளவு, இரண்டு வண்ணம் எனக் கொண்டால் ஒரே வகை மட்டைக்கு எட்டுத் தனிப்பொருள்கள் ஆகும். இருபது வகை வைத்திருப்பின் 160 பொருள்கள். ஒவ்வொன்றிலும் பணம் முடங்குகின்றது. புதிய வகை இரண்டு வரும்போது பழைய வகை இரண்டு தட்டை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும்.

விலையும் ஒரு தடை. பழைய மட்டை தள்ளுபடியில் விற்கும். அதன் அருகே, அதனினும் சிறிதே மேம்பட்ட புதிய மட்டை மிகுவிலையில் தொங்கும். அறிவுடைய கொள்வோர் பழையதையே எடுப்பர். எனவே, பழைய மட்டையின் நற்பெயரே புதிய மட்டையின் விற்பனைக்குப் பகையாகின்றது. புகழ்பெற்ற வகை நிறுத்தப்படுவது, புகழ் பெற்றிருந்தும் அன்று. சிலபோது புகழ் பெற்றமையாலேயே ஆகும்.

இதனோடு மற்றோர் உண்மையும் உண்டு. நன்கு செய்யப்பட்ட கரியிழைச் சட்டம், மோதாமலும் தரையில் அடிபடாமலும் இருப்பின் பல்லாண்டு நிற்கும். நரம்பு அறும், கைப்பிடித் துணி நையும், சட்டம் அப்படியே இருக்கும். நிறைவடைந்த ஆட்டக்காரர் மீண்டும் கடைக்கு வருவதில்லை. அவரை வரவழைக்க நிறுவனத்திற்குப் புதியதோர் பெயர் தேவைப்படுகின்றது.

போலிகளின் பங்கும் சிறிதன்று. ஒரு மட்டை புகழ்பெற்றுச் சில ஆண்டுகள் சந்தையில் நின்றால், அதனைப் பார்த்துச் செய்யும் போலி நாளுக்கு நாள் தேறிவிடும். வண்ணம், எழுத்து, வரிசை எண் அனைத்தையும் ஒத்துச் செய்துவிடுவர். புதிய வகையை வெளியிட்டால் போலி செய்வோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதுவும் நிறுவனங்களுக்கு ஓர் ஊக்கம்.

வீரரும் விளம்பரமும்

மூன்றாவது காரணம் களத்தில் உள்ளது. மட்டை விற்பது மட்டையாலன்று. அதனை ஏந்தும் கையால். சிந்து 2019இல் சீனத்தின் லீ-நிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது அது விளையாட்டுப் பக்கத்தைக் கடந்து வணிகப் பக்கத்துச் செய்தியும் ஆயிற்று. 2023 ஏப்ரலில் ஜப்பானில் நம் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் இறகை அடித்துக் கின்னஸ் பதிவு பெற்றார். அச்சோதனை நிகழ்ந்தது யோனெக்ஸ் தொழிற்கூடத்தின் ஆடரங்கில். அவர் கையில் இருந்தது அந்நிறுவனத்தின் புதுவகை மட்டை. வீரத்தின் பெருமை வீரருக்கே உரியது. ஆயினும் அப்பெருமையின் ஒளி புதிய மட்டையின்மீதே விழுகின்றது, பத்தாண்டுப் பழையதன்மீது விழுவதில்லை. மலேசிய வீரர் லீ சோங் வெய் கையாண்ட வோல்ட்ரிக் வகை மட்டைகளைத் தேடியோர் பலர். அவர் பின்னர் வேறு வகைக்கு மாறினார். நிறுவனமும் புதிய வரிசைகளை முன்னிறுத்தியது. வீரர் விட்ட மட்டையைக் கடையும் மெல்ல விட்டது.

நிறுவனத்தார் கூறும் நேர்மையான காரணமும் உண்டு. 2006இல் 21 புள்ளி முறை வந்தது. அடித்துத் தொடங்கியவர் எவராயினும் ஒவ்வோர் ஆடலுக்கும் புள்ளி என்றாயிற்று. ஆட்டம் விரைவுற்றது, குறிப்பாக இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கருகே மின்னலென மட்டை வீச வேண்டிய நிலை ஏற்பட்டது. 1992இல் அறிமுகமான, தலைப்பகுதி சற்றே சதுரமான ஐசோமெட்ரிக் வடிவமும் இவ்வாறே. முட்டை வடிவத்தைக் காட்டிலும் அதில் இறகு சரியாகப் படும் பரப்பு மிகுதி. அவ்வடிவம் பரவியபின் முட்டை வடிவம் அருகியது இயல்பே. ஆகவே புதுமை யாவும் விளம்பரப் பூச்சு என்பதும் உண்மையன்று. யாவும் முன்னேற்றம் என்பதும் உண்மையன்று.

பாடி கற்பிக்கும் பாடம்

பாடியும் அதன் சுற்றுப்புறமும் 1960களிலிருந்து ஊர்தி உறுப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா எனப் பாடியில் வேரூன்றிய தொழிற்கூடங்களும், அவற்றைச் சார்ந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வளர்ந்த சிறு பட்டறைகளும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. இப்பகுதி மாணவருள் பலர் அச்சு, வார்ப்பு, கடைசல் என்னும் சொற்களைக் கேட்டே வளர்ந்தவர். அவர்களுக்கு ஓர் ஒப்பீடு எளிதில் விளங்கும்.

ஊர்தி ஒன்றின் உற்பத்தி நின்றாலும் அதன் உறுப்புகள் உடனே நிற்பதில்லை. சாலையில் ஓடும் பழைய ஊர்திக்குத் தடுப்புக் கட்டையும் விளக்கும் மின்தொடக்கியும் வேண்டும். உறுப்பு கிடையாது போனால் விலையுயர்ந்த ஊர்தி முழுதும் வீணாகும். அந்நிறுவனத்தின் அடுத்த ஊர்தியை வாங்கவும் மக்கள் தயங்குவர். எனவே பழைய உறுப்பைத் தொடர்ந்து அளிப்பது நிறுவனத்திற்கே நன்மை.

மட்டைக்கு அத்தகைய பிணைப்பு இல்லை. மட்டை தானே முழுப்பொருள். முறிந்தால் மாற்ற உறுப்பில்லை. மட்டையையே மாற்ற வேண்டும். ஆட்டவிதிகளும் பழையதைக் காப்பதில்லை. மட்டையின் நீளம் 680 மில்லிமீட்டரையும் அகலம் 230 மில்லிமீட்டரையும் கடத்தலாகாது என்பதே விதி. எடைக்கோ பொருளுக்கோ வரையறை இல்லை. ஆதலின் விதி அனுமதித்த வெளியில் நிறுவனங்கள் விருப்பம்போல் மாற்றுகின்றன. ஊர்தி உறுப்பில் பழைய கொள்வோர் ஒரு வலிமை. மட்டையில் பழைய கொள்வோர் ஒரு நினைவு மட்டுமே.

இழப்பு யாருடையது?

இங்கே ஒருவர் வினவலாம்: ஒரு மட்டை போனால் என்ன, மற்றொன்று வாங்கலாமே? வசதியுடையோர்க்கு இது பெருந்துன்பமன்று. மாணவர்க்கோ அவ்வாறன்று. சில மாதச் சேமிப்பைச் செலுத்தி ஒரு மட்டை வாங்குபவர், அதன் கனமும் வளைவும் கையில் படிய மேலும் சில மாதங்களைச் செலவிடுகின்றார். இறகு மட்டையில் படும் நேரம் இமைப்பொழுதினும் குறைவு. அந்நேரத்தில் சிந்தித்து அடிக்க இயலாது. கை தானே அறிந்து அடிக்க வேண்டும். அவ்வறிவு ஒரு குறித்த மட்டையோடு சேர்ந்தே வளர்கின்றது. மட்டை மாறும்போது பணத்தோடு பயிற்சியும் ஓரளவு இழப்பாகின்றது. போட்டிக்கு ஒரு திங்களே இருக்கும் நிலையில் இவ்விழப்பு ஒருவரின் தேர்வையே பாதிக்கலாம்.

பெருவீரர்களும் இதனை உணர்ந்திருந்தனர். அமெரிக்க டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ், வில்சன் நிறுவனத்தின் புரோ ஸ்டாப் மட்டைகளுள், கரீபியத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டவற்றையே விரும்பினார். உற்பத்தி வேறிடம் பெயர்ந்த பின்னரும் அவர் கை பழையதையே கேட்டது. உலக முதல்வருக்கே அந்நிலை என்றால், பாடித் தெருவில் சுண்ணாம்புக் கோடிட்டு ஆடத் தொடங்கி, மணிக்கணக்கில் வாடகை செலுத்தி உள்ளரங்கம் புகுந்த மாணவரின் தேட்டத்தை எள்ளுதல் தகாது.

சிலபோது பழைய பெயரே திரும்பி வருவதும் உண்டு. யோனெக்ஸின் ஆர்க்சேபர் 11 பலர் விரும்பிய மட்டை. 2022இல் அது 'புரோ' என்னும் பின்னொட்டுடன் புதுவடிவில் வந்தது. விருப்பம் உரத்து ஒலித்தால் நிறுவனம் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று. எனினும் வந்தது பழைய மட்டையே எனக் கருதல் பிழை. 'நாற்றம்' என்னும் சொல் முன்னர் நறுமணத்தையும் உணர்த்தியது. இன்று தீய மணத்தையே உணர்த்துகின்றது. எழுத்து அதுவே, பொருள் வேறு. மட்டைப் பெயர்களையும் அவ்வாறே ஆராய்ந்து கொள்ளல் வேண்டும்.

மறுபுறமும் பார்த்தல் முறை. ஆண்டுதோறும் மாறாத கருவி ஒன்று நம்மிடமே உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் அரச குடும்பத்தார் ஆடி வளர்த்த பூப்பந்தாட்டம் நம் மண்ணின் ஆட்டம். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, அணிக்கு ஐவர், திறந்த வெளிக்களம். பாடிக்கு அண்மையிலுள்ள பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் அணிகள் இவ்வாட்டத்தில் பெயர்பெற்றவை. இதன் மட்டைக்குப் பன்னாட்டு விளம்பரமில்லை, ஆண்டுக்கொரு புதுப்பெயரில்லை. மரமட்டை இங்கே நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் முதலீடு இல்லாத இடத்தில் செய்வோரும் சிலராகவே இருப்பர். கடைகளில் தேடித்தான் பெற வேண்டும். ஓயாத மாற்றம் ஒரு துன்பம் என்றால், சந்தையே ஒதுங்கிப் போவது மற்றொரு துன்பம். இறகுப்பந்தின் விரைந்த புதுமையே அதன் மட்டையைப் பாடியின் சிறு கடைவரை கொண்டுவந்து சேர்த்தது என்பதையும் மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கன

நிறுவனத்தின் முடிவை நாம் மாற்ற இயலாது. ஆயின் அதனால் நேரும் இழப்பைக் குறைக்க இயலும்.

முதலாவது, மட்டையின் பெயரை மட்டும் நினைவிற்கொள்ளாது அதன் அளவுகளைக் குறித்து வைத்தல். எடை, கைப்பிடிச் சுற்றளவு, தண்டின் வளைவு, தலை வடிவம், நரம்பின் வகை, பூட்டிய இறுக்கம் ஆகியன குறிக்கத்தக்கவை. சமநிலைப் புள்ளியை வீட்டிலேயே அறியலாம். மட்டையை ஒரு விரல்மேல் கிடையாக நிறுத்தி, அது சாயாது நிற்கும் இடத்திற்கும் கைப்பிடியின் அடிக்கும் இடையேயுள்ள தொலைவை அளக்க வேண்டும். அஃது ஏறத்தாழ 285 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கைப்பக்கம் கனம். 295க்கு மிகுந்தால் தலைப்பக்கம் கனம். மாந்தர்க்குத் தீதான தலைக்கனம் ஓங்கி அடிக்கும் மட்டைக்கு நன்று. இக்குறிப்பு கையிலிருப்பின், வேறு பெயரில், வேறு நிறுவனத்தில்கூட ஏறத்தாழ ஒத்த மட்டையைக் கண்டெடுக்கலாம்.

இரண்டாவது, சட்டத்தைப் பேணுதல். 'கட்டிங்' என்று கடைவீதியில் வழங்கும் நரம்பு பூட்டும் பணியின்போது துளைகளிலுள்ள தேய்ந்த குழல்களை மாற்றச் சொல்ல வேண்டும். தேய்ந்த குழலில் நரம்பு கரியிழையையே அறுக்கும். நரம்பு ஓரிடத்தில் அறுந்தால் ஏனையவற்றையும் உடனே வெட்டிவிடுதல் நலம். ஒருபக்க இழுவை சட்டத்தைக் கோணலாக்கும். வெயிலில் நிற்கும் ஊர்தியினுள் மட்டையை விட்டுச் செல்லலாகாது. சட்டத்திற்கு ஏற்காத இறுக்கத்தை, பெருவீரர் பூட்டுகிறார் என்பதற்காகப் பூட்டலாகாது.

மூன்றாவது, கல்லூரி அணிகளுக்கு உரியது. அணிக்கு மட்டை வாங்குவோர் ஒரே வகையில் இணையாக வாங்குவதும், ஒன்றை இருப்பாக வைப்பதும் நன்று. நிறுத்தப்பட்ட வகை மலிவாகக் கிடைக்கின்றது என்று எவரேனும் கூறின், அது போலியாக இருக்கலாம் என்னும் ஐயம் முதலில் எழ வேண்டும்.

நிறுவனத்தாரிடம் நாம் வைக்கத்தக்க வேண்டுகோளும் ஒன்றுண்டு. ஒரு வகையை நிறுத்துமுன் ஓராண்டு முன்னறிவிப்புத் தருதலும், அதற்கு நெருங்கிய புதுவகை எது என அளவுகளோடு நேர்மையாக அறிவித்தலும் அவர்களுக்குப் பெருஞ்செலவன்று. 2016இல் யோனெக்ஸ் பெங்களூரில் தொழிற்கூடம் அமைத்தது. செய்யும் இடம் அருகில் வந்திருப்பதால் கொள்வோர் குரலும் அருகில் கேட்கும் என எதிர்பார்ப்பது பேராசையன்று.

முடிவுரை

புகழ்பெற்ற மட்டை நிறுத்தப்படுவதற்கு ஒரு தீயவர் காரணமல்லர். தேயும் அச்சு, மாறும் இழை, குறுகிய கடைத்தட்டு, நிறைவடைந்த கொள்வோர், போலி, விளம்பரம், உண்மையான முன்னேற்றம் ஆகிய யாவும் சேர்ந்தே அம்முடிவை உருவாக்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை செய்வோரின் கணக்குகள். ஆடுவோரின் கை அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. சொல்லின் ஆயுளை வழங்குவோர் அளந்தனர். பொருளின் ஆயுளை வழங்குவோர் அளக்க இயலவில்லை என்பதே வேறுபாடு.

வழக்கொழிந்த சொற்களை நம் முன்னோர் முற்றும் இழந்துவிடவில்லை. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் அவற்றைப் பொருளோடு தொகுத்துக் காத்தன. அதனாலன்றோ இன்றும் பழந்தமிழ்ப் பாடல்களைப் பொருளுணர்ந்து பயில்கின்றோம். தன் மட்டையின் எடையையும் சமநிலையையும் இறுக்கத்தையும் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் எழுதிவைக்கும் மாணவரும் அத்தகைய பணியையே சிறிய அளவில் செய்கின்றார். பெயரைச் சந்தை எடுத்துக்கொண்டு போகலாம்; அளவு அவரிடமே இருக்கும்.